காப்பி இல்லாத ஓராண்டு

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்து அன்பர், "இலக்கிய மணம் கமழ ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்றார். மணம் என்னும் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் அவருக்கு விளங்கவில்லை. "இந்த ஊர் ஓட்டல்களில் தின்ற பண்டங்களைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் சற்றே வாடிற்று, ஆயினும் மறுத்துரைக்கவில்லை. சுவையை ஆறாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இட்டு வழங்கும் மொழியில், சாப்பாட்டைப் பற்றி எழுதுவது இலக்கியத்துக்குப் புறம்பாகாது என்ற துணிவில் தொடங்குகிறேன்.

நான் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன். சைவ உணவினன். 1978-ஆம் ஆண்டு, 25 வயதில் பம்பாய்க்கு வந்தேன். ஊரின் பெயர் 1995-ல் மும்பை என மாறிற்று. என் வாய் மாற மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் நிறுவனத்தில் 35 ஆண்டுகள் கணக்கெழுதினேன். குடியிருப்பு செம்பூரில். பகலுணவு, என் மனைவி கட்டிக் கொடுத்து டப்பாவாலா கொண்டுவந்து சேர்க்கும் அடுக்கில். ஞாயிற்றுக்கிழமைச் சிற்றுண்டி மாட்டுங்காவில். 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-ல் தொடங்கிய ராமா நாயக்கின் உடுப்பிச் சாப்பாட்டு விடுதி, பூக்கடைகள், காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடைகள் என, அங்கே நம்மவர்க்கு வேண்டியவை எல்லாம் உண்டு. இவற்றுக்கும் செம்பூர் அடுக்களைக்கும் அப்பால் இம்மாநகரில் உணவு என்று ஒன்று இருப்பதாக நான் கருதியதே இல்லை. குஜராத்தியர் என்ன உண்கிறார்கள் என்று ஊரிலிருந்து வருவோர் கேட்டால், "எல்லாவற்றிலும் சர்க்கரை போடுவார்கள்" என்று முடித்துவிடுவேன். ருசி பாராமல் சொன்ன தீர்ப்பு அது.

2021 ஏப்ரலில், நோயின் இரண்டாம் அலை இந்நகரை உலுக்கிய நாட்களில், நானும் படுத்தேன். காய்ச்சல் பத்து நாளில் இறங்கிற்று. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்ததால், முகர்வுணர்ச்சி போய்விட்டது என்பதை ஒரு குறையாகவே நான் எண்ணவில்லை. சோறு பஞ்சாக இருந்தது. குழம்பு உப்புநீராக இருந்தது. எல்லாம் திரும்பி வரும் என்று மருத்துவரும் சொன்னார்.

ஜூலையில் திரும்பி வந்தது. வந்த விதம்தான் கொடுமை. விடியற்காலையில் என் மனைவி பில்டரில் வெந்நீர் ஊற்றினாள். அடுத்த கணம் எரிந்த ரப்பரும் சாக்கடையும் கலந்தாற்போல் ஒரு வாடை வீடெல்லாம் பரவிற்று. எங்கோ மின்கம்பி கருகுகிறது என்று கூவிக்கொண்டு எழுந்து ஓடினேன். கருகவில்லை, காப்பி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று பகலில் சின்ன வெங்காயம் வதக்கினாள், அழுகல் வாடை. பூண்டு, வறுத்த மல்லி, பெருங்காயம் தாளித்த எண்ணெய் எல்லாம் அப்படியே. நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்து, பிற்காலத்தில் தீய வாடைக்குரியதாகத் தாழ்ந்தது என்று பள்ளியில் படித்தோம். அச்சொல்லுக்குப் பல நூற்றாண்டுகளில் நேர்ந்தது என் மூக்குக்கு மூன்றே மாதத்தில் நேர்ந்தது.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் விளக்கினார். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண வாங்கிகள் உள்ளன. ஒரு மணம் என்பது அவற்றுள் பல சேர்ந்து எழுப்பும் கூட்டொலி போன்றது. நோய்க்கிருமி அந்த நரம்பு அணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களைக் கெடுக்கிறது. நரம்புகள் மீண்டும் வளரும்போது சில சுரங்கள் விடுபட்டும், சில இடம் மாறியும் போகின்றன. வறுத்த பண்டங்களும் வெங்காயம் பூண்டும் காப்பியுமே இதில் மிகுதியாகத் தொல்லை தருவன என்றார். இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பியில் உள்ள கந்தகம் சேர்ந்த ஒரு வேதிப்பொருளையே இதற்கு முதன்மையான தூண்டுகோலாகக் கண்டிருக்கிறார்கள். அதாவது, காப்பியைக் காப்பியாக்கும் அதே பொருள் என்னை விரட்டியது.

மருத்துவர் இரண்டு கட்டளைகள் இட்டார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு தைலங்களையும் காலை மாலை முகர்ந்து மூக்கைப் பயிற்ற வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2009-ல் ஆராய்ந்து வகுத்த முறை இது. இரண்டாவது, தமக்கு எது ஒத்துவருகிறது என்பதைப் பற்பல உணவுகளை உண்டு பார்த்து எழுதிவைக்க வேண்டும். "உங்கள் வீட்டு உணவு ஒத்துவரவில்லை என்றால், மற்றவர் வீட்டு உணவை உண்டு பாருங்கள்" என்றார். அதற்குள் நான் ஆறு கிலோ இளைத்திருந்தேன். தயிரும் ஆறிய சோறுமே ஆகாரம். அவ்வாண்டு ஆகஸ்டில் உணவு விடுதிகள் ஒருவாறு திறந்தன. கணக்கனுக்கு நோட்டுப் புத்தகம் புதிதா? நாள், இடம், பண்டம், நாக்கு, மூக்கு என்று ஐந்து கட்டம் கோடிட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. இன்றைய அறிவியலோ நாவின் அடிப்படைச் சுவைகளாக இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி என்னும் ஐந்தையே எண்ணுகிறது. கார்ப்பு என்பது மிளகாயின் எரிச்சலை வலியாக உணரும் நரம்பின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும் வாயின் உட்புறம் சுருங்கும் ஊறு. நம் முன்னோர் நாக்கையும் ஊறையும் பிரித்துப் பாராமல் வாய்க்குள் நிகழ்வதை எல்லாம் ஒருங்கே எண்ணினார்கள் போலும். எனக்கு இதனால் விளைந்த நன்மை என்னவென்றால், என்னிடம் அறுசுவையும் குறையாமல் இருந்தன என்பது. அறுசுவையும் இருந்தன, உணவுதான் இல்லை.

முதலில் சென்றது தாணே நகரின் மாம்லேதார் மிசளுக்கு. மாம்லேதார் என்றால் நம்மூர்த் தாசில்தார். தாசில்தார் கச்சேரியை அடுத்த கடையாதலின் அப்பெயர். முளைகட்டிய பயற்றின் மேல் செக்கச்சிவந்த சாற்றை ஊற்றி, மிக்சர் தூவி, பாவ் ரொட்டியுடன் தருவார்கள். பாவ் என்பது போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். பச்சை வெங்காயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் வாய் வழக்கம்போல் அழுகல். இரண்டாம் வாயில் எரிச்சல் தொடங்கிற்று. ஐந்தாம் வாயில் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. அந்த வாடை எரிச்சலில் மூழ்கிவிட்டது. நான்கு மாதத்திற்குப் பின் எனக்குள் ஏதோ ஒன்று நடக்கிறது என்ற உணர்வே போதுமானதாக இருந்தது. எதிரே அமர்ந்திருந்த இளைஞர் தம் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். நான் இன்னொரு கரண்டிச் சாறு கேட்டேன்.

அக்டோபரில் தாதரில் ஒரு மால்வணி உணவகம். பிறப்பிலேயே சைவனான நான் அப்படிப்பட்ட இடத்தின் வாயிலைக்கூடக் கடக்க மாட்டேன். மீன் வாடை என் மூக்குக்கு எட்டவில்லையாதலால், வாழ்வில் முதன்முறையாக மீன் வறுக்கும் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்தேன். என்னைத் தேடவைத்தது சோல்கடி என்னும் பானம். கோக்கம் என்ற கொங்கணக் கனியின் தோலை ஊறவைத்த சாற்றைத் தேங்காய்ப் பாலில் கலக்க, இளஞ்சிவப்பு நிறமாகும். பூண்டு தட்டாமல் தரச் சொன்னேன். குளிர்ச்சியும் புளிப்பும் தேங்காய்ப்பாலின் வழவழப்பும். எங்கள் ஊர்ச் சொதியும் தேங்காய்ப்பால்தான். அதைச் சுடச்சுட உண்போம், இதைக் குளிரக் குடிக்கிறார்கள். அரபிக்கடலோரத்து மக்கள் தேங்காயை இவ்வளவு அறிவார்கள் என்பது 43 ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலிருந்தது.

குளிர்ந்தவை ஒத்துவந்தன என்று கண்டதும் அவற்றையே தொடர்ந்தேன். தாதர் பிரகாஷ் உணவகத்தின் பியூஷ், ஸ்ரீகண்டை இளக்கியதுபோன்ற கெட்டியான மோர்ப்பானம். சர்ச்கேட்டில் 1953 முதல் நடைபெறும் ருஸ்தம் கடையில், இரண்டு மெல்லிய வேஃபர்களுக்கு நடுவே ஐஸ்கிரீம் பாளத்தை வைத்துத் தருவார்கள். 68 வயதுக் கிழவன் நடைபாதையில் நின்றுகொண்டு அதை மொறுமொறுவென்று கடிப்பதைப் பார்த்துப் பள்ளிச் சிறுமியர் சிரித்தனர். சிரிக்கட்டும். மொறுமொறுப்பு காதால் அறியும் சுவை என்று அன்றைய நோட்டில் எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் தார்தேவின் ஸ்வாதி சிற்றுண்டிச் சாலைக்குப் போனேன். 1963-ல் ஒரு பெண்மணி தொடங்கிய கடை. அங்கே பான்கி என்றொரு குஜராத்திப் பண்டம். அரிசிமாவைக் கரைத்து வாழையிலைத் துண்டின்மேல் மெல்லிதாகத் தடவி, இன்னோர் இலைத்துண்டால் மூடிச் சூடேற்றுவார்கள். தட்டில் வரும்போது பழுப்பேறிய இலைதான் தெரியும். மேலிலையை உரித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. வெந்த வாழையிலையின் மணம்! சிறுவயதில் திருச்செந்தூருக்குக் கட்டிக்கொண்டு போகும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் வருமே, அதே மணம். தலையைக் குனிந்து மீண்டும் முகர்ந்தேன். இல்லை. இரண்டாம் பான்கியை உரித்தேன்; இல்லை. இன்னொரு தட்டு வரவழைத்தேன். மறுவாரமும் போனேன். இலை இலையாகவே இருந்தது. பரிமாறுபவர் என்னைப் பான்கிப் பித்தன் என்று முடிவு செய்திருப்பார். ஆனால் ஒரு கணம் வந்தது மறுபடியும் வரும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

ஜனவரியில் மூன்றாம் அலை, வெளியே போகவில்லை. குளிர்காலத்துக்கே உரிய உந்தியு அதனால் தவறிற்று. பச்சைப்பூண்டு சேரும் பண்டமாகையால் போயிருந்தாலும் பயனில்லை.

பிப்ரவரியில் பல்லார்டு எஸ்டேட்டுக்கு, ஓய்வு பெற்றபின் முதன்முறையாகப் போனேன். 1923-ல் திறந்த பிரிட்டானியா என்னும் ஈரானி உணவகம் என் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை. பகலில் திறந்திருக்கும். 35 ஆண்டுகள் அதன் வாயிலைக் கடந்து சென்றிருக்கிறேன். அடுக்கில் சோறிருக்க, உள்ளே நுழையத் தேவை என்ன? அதை நடத்திவந்த போமன் கோஹினூர், 2019-ல் 97 வயதில் காலமானார். முதுமையிலும் ஒவ்வொரு மேசையாக வந்து நின்று வாடிக்கையாளருடன் உரையாடுவார் என்று நகரமே அறியும். நான் மட்டும் காணவில்லை. அவருடைய மனைவி ஈரானிலிருந்து கொண்டுவந்த பக்குவமே அங்குப் புகழ்பெற்ற பெர்ரி புலாவ். ஜெரெஷ்க் என்ற சிறு செங்கனியை ஈரானிலிருந்து தருவித்து மேலே தூவுகிறார்கள். காய்கறி சேர்த்ததை வாங்கினேன். நெய்ச்சோற்றுக்கு நடுவே ஒவ்வொரு கனியும் பல்லில் பட்டு உடைந்து புளிக்கிறது. மென்று விழுங்கியபின் இலேசாக இனிக்கிறது. மூக்கின் துணையின்றியே முழுமையாக அறியத்தக்க ஒரு பண்டத்தை நான் கண்டேன் என்றால் அதுதான். தட்டை வழித்து உண்டேன். வெளியே வந்து பழைய அலுவலகத்தைப் பார்த்தபடி நின்றபோது, 35 ஆண்டுகள் தவறாமல் வந்த அந்த அடுக்கின் நினைவு வந்தது. அன்று மாலை வீட்டில் புலாவைப் புகழ்ந்து பேசினேன். என் மனைவி, "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் "சரி"யை நான் கவனித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் இதுவரை அவளைப் பற்றி அதிகம் சொல்லாததுபோலவே, அந்த ஆண்டிலும் அவளைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை. நான்கு தைலக் குப்பிகளையும் காலை மாலை எடுத்து வைத்தவள் அவள். வெங்காயம், பூண்டு, தாளிதம் அனைத்தையும் நிறுத்தியவள் அவள். மணமான நாள் தொட்டு 40 ஆண்டுகள் விடிந்ததும் காப்பி குடித்து வந்தவள், ஜூலையோடு பில்டரை எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். "எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

2022 மே மாதம், ஆம்ரஸ் உண்ண அவளையும் அழைத்துக்கொண்டு கால்பாதேவிக்குச் சென்றேன். 1945 முதல் நடக்கும் தாக்கர் போஜனாலயம். குறுகிய சந்துக்குள் மாடியேறிப் போக வேண்டும். குஜராத்தியரின் தாலி; நாம் போதும் என்று கையை மறைத்தாலும் விரலிடுக்கில் பரிமாறிவிட்டுப் போகிறார்கள். பருப்பில் வெல்லம் இருந்தது. ஆனால் புளிப்புக்கும் காரத்துக்கும் அடியில் ஒரு தாங்கலாக இருந்தது. சர்க்கரை பற்றிய என் பழைய தீர்ப்பை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். பின்னர் கிண்ணத்தில் அல்போன்சா மாம்பழச் சாறு வந்தது. பூரியைத் தோய்க்குமுன்பே மணம் வந்தது; முழுமையாக வந்தது; முகர முகரக் குறையாமல் வந்தது. ரத்தினகிரி, தேவ்கட் தோட்டங்களை எல்லாம் யாரோ என் முகத்தருகே கொண்டுவந்து நிறுத்தினாற்போல் இருந்தது. "மணக்கிறது! நன்றாக மணக்கிறது!" என்று கூவிவிட்டேன். பக்கத்து மேசையினர் திரும்பிப் பார்த்தனர்.

அவள் தன் கிண்ணத்தைத் தொடவில்லை. மெல்லச் சொன்னாள்: "யார் வீட்டு மாம்பழமோ மணக்குது. என் குழம்புதான் நாறுது."

என்னிடம் விடை இல்லை. மூக்கின் நரம்பு, வாங்கிகள், கந்தகம் என்று மருத்துவர் சொன்னதை எல்லாம் திரும்பச் சொன்னேன். அவற்றை அவளும் மருத்துவரின் அறையில் என் அருகில் அமர்ந்து கேட்டவள்தான். ரயிலில் செம்பூர் வரும்வரை இருவரும் பேசவில்லை.

ஜூனில் ஒரு மழைநாள். எதிர்வீட்டுக் கொங்கணி அம்மையாரிடம் இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தரப் போனேன். கதவு திறந்திருந்தது. அவருடைய அடுக்களை மேடையில் ஒரு பித்தளைப் பில்டர் பளபளவென்று துலக்கி வைத்திருந்தது. அதன் விளிம்பில் என் மாமனாரின் பெயர் தமிழில் வெட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர்கள் கவிழ்த்திருந்தன. அந்த அம்மையார் என் பார்வையைப் பின்தொடர்ந்தார்; பிறகு குடையை வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பதினொரு மாதமாக நான் காலை உலாவப் போகும் அரைமணி நேரத்தில் என் மனைவி எதிர்வீட்டில் காப்பி குடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு வாடை அடிக்கலாகாது என்று கொப்பளித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினேன். அறுபதுக்கு மேற்பட்ட பண்டங்கள். ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தன. அவளுடன் உண்டதாக ஒரே ஒரு வரி இருந்தது.

அதன்பின் வெளியே உண்பதைக் குறைத்துக்கொண்டேன். சின்ன வெங்காயம் வதக்கச் சொன்னேன். அடுக்களைச் சன்னலைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நின்றேன். முதல் வாரம் கொடுமை. ஆகஸ்டில் அழுகல் வாடை தளர்ந்து, ஈரமண் போன்ற ஏதோ ஒன்றாயிற்று. வெங்காயம் என்று சொல்ல முடியாது. ஆயினும் சோற்றில் பிசைந்து உண்ண முடிந்தது. அவள் பரிமாறிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் முகத்தைக் காத்துக்கொள்வேன். இருவருக்கும் அது தெரியும்.

ஆகஸ்டு மாத இறுதியில் தனியே மாட்டுங்காவுக்குப் போனேன். ஓராண்டுக்கும் மேலாக நான் மிதிக்காத தெரு. காப்பிக்கொட்டை வறுக்கும் கடைக்கு எதிர்ச்சாரியில் முதலில் நின்றேன். பிறகு தெருவைக் கடந்தேன். ரப்பர் வாடை இருந்தது. அதனடியில், சுவருக்கு அப்பால் யாரோ பாடுவதுபோல, காப்பியும் இருந்தது. கால் கிலோ அரைத்து வாங்கினேன்.

31-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. எதிர்வீட்டிலிருந்து காலையிலேயே மோதகம் வந்தது. தேங்காயும் வெல்லமும் வைத்து ஆவியில் வெந்தது. எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை பதிலுக்குப் போயிற்று. தட்டைக் கொண்டுபோனவன் நான். திரும்புகையில், "அதையும் தாருங்கள்" என்று பில்டரைச் சுட்டினேன். அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் முந்தானையால் துடைத்துக் கொடுத்தார்.

என் மனைவி பூசையறையில் இருந்தாள். நானே அடுக்களையில் தூளைப் போட்டேன். எவ்வளவு என்று தெரியாது. வெந்நீர் ஊற்றினேன். 69 வயதில் நான் போட்ட முதல் காப்பி அது. டிகாஷன் தண்ணீராக இறங்கிற்று. பாலைச் சேர்த்து இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அவள் முன் வைத்தேன். என்னுடையதில் முக்கால் பங்கு காப்பி. கால் பங்கு இன்னும் ரப்பர்.

அவள் பில்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள்.

"தூள் எங்க வாங்கினீங்க?" என்றாள்.

சொன்னேன்.

"சிக்கரி கூடிப்போச்சு" என்று சொல்லி, முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.